சிரிக்கும் சுவரொட்டிகளுக்கு எதிராக

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அந்த மூன்று பேர் வந்துவிடுவார்கள். இடது பக்கம் பாஜு மெலாயு, சொங்கோக் அணிந்த ஓர் ஆண். நடுவில் சியோங்சாம் உடுத்திய பெண். வலது பக்கம் சேலை, பொட்டு, தலையில் மல்லிகைச் சரத்தோடு ஒருத்தி. பதாகையில் இடம் மிச்சம் இருந்தால் சபா சரவாக்கைக் காட்ட இறகு செருகிய தலையணியோடு இன்னொருவர். இடம் இல்லையென்றால் முதலில் வெட்டுப்படுவதும் அவர்தான். எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எல்.ஆர்.டி. நிலையத்தில், பேரங்காடியில், அரசு மருத்துவமனையில் எண் கூப்பிடக் காத்திருக்கும் கூடத்தில், தமிழ்ப்பள்ளிச் சுவரில் என்று இவர்கள் இல்லாத இடம் இல்லை. 2009இல் நஜிப் பிரதமரானதும் 'சத்து மலேசியா' என்று ஒரு பெரிய ஒன்றாம் எண்ணைப் பின்னால் நிறுத்தினார்கள். 2018 தேர்தலுக்குப் பிறகு அந்த எண் சுரண்டி எடுக்கப்பட்டது. இப்போது 'மலேசியா மடானி'. 2024இல் 'ஜீவா மெர்டேக்கா', 2025இல் 'ராக்யாட் டிசந்துனி' என்று வாசகம் வருடா வருடம் மாறுகிறது. மூன்று பேர் மட்டும் மாறுவதில்லை. அவர்களுக்கு வயதும் ஆவதில்லை, வாடகையும் ஏறுவதில்லை.

இதை நல்லெண்ணம் என்று விட்டுவிடலாமே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணமாக மட்டும் இருந்தால் விட்டுவிடுவேன். இந்தப் படம் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் என் வழக்கு. இனத்தைப் பற்றிப் பொதுச்சுவரில் ஒன்றைச் சொல்ல இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கும் இடத்தில் எல்லாம் ஒரு துணிக்கடைப் பட்டியலைத் தொங்கவிட்டால், அந்தச் சுவரில் வந்திருக்க வேண்டிய வேறு எதுவும் வராது. வரக்கூடாது என்பதற்காகவே இது தொங்குகிறது என்று சில நாள்களில் எனக்குத் தோன்றும்.

நான் படித்தது மின்பொறியியல், உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை. என் வேலையில் ஒரு சின்னப் பகுதி எச்சரிக்கைப் பலகைகள். எந்தப் பெட்டியின் மேல் எந்தப் பலகை, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பெரிதாக என்று பார்ப்பது. இலக்கியக்காரர்களுக்கு இது சலிப்பான வேலையாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. ஒரு பலகையை யாரும் பாராட்டத் தேவையில்லை, ரசிக்கத் தேவையில்லை. கையை நீட்டப்போன ஒருவன் கையை இழுத்துக்கொண்டால் அது வேலை செய்தது. அவ்வளவுதான் தேர்வு.

நம் நாட்டில் பொது இடத்தில் தமிழ் எழுத்து எங்கே நேர்மையாக நிற்கிறது என்று கேட்டால், துணைமின்நிலைய வேலியைக் காட்டுவேன். மண்டை ஓடு, மின்னல் கோடு, 'பஹாயா', சீன எழுத்து, அதோடு 'அபாயம்'. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைப் பெயர்ப்பலகையில் எந்த மொழி எந்த அளவில் இருக்கலாம் என்று நகராண்மைக் கழகத்தோடு மல்லுக்கட்டும் நாடு, சாவு என்று வந்தால் அவரவர் தாய்மொழியில் கூப்பிட்டுச் சொல்கிறது. மின்சாரத்துக்கு இனம் தெரியாது என்பதை மின்வாரியம் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது.

பாதுகாப்புப் பலகைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் தடை. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய். பச்சை, தப்பிக்கும் வழி. நல்ல பலகை மூன்று விஷயங்களைச் சொல்லும். இங்கே என்ன ஆபத்து, பட்டால் என்ன ஆகும், நீ என்ன செய்ய வேண்டும். நான்காவது ஒன்றும் உண்டு, அதை எழுதவேண்டியதில்லை: பலகை ஆபத்து இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். கொதிகலன் பின்கட்டில் இருக்கும்போது எச்சரிக்கையை வரவேற்பறையில் மாட்டினால் அது பலகை இல்லை, அலங்காரம்.

இப்போது அந்த மூன்று பேரை இந்தத் தேர்வுக்கு உட்கார வையுங்கள். என்ன ஆபத்து? தெரியாது. என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, சிரிக்கிறார்கள். நான் என்ன செய்யவேண்டும்? நானும் சிரிக்கவேண்டும் போல. எங்கே மாட்டியிருக்கிறது? இன ஒதுக்கல் நடக்காத இடமாகப் பார்த்து. வாடகைக்கு வீடு காட்டும் தரகரின் கைப்பேசியில் அந்த மூவரும் இல்லை. வேலை நேர்காணல் அறையில் இல்லை. லாக்கப்பில் இல்லை. ஏர்கண்டிஷன் போட்ட கூடங்களில் மட்டும் இருக்கிறார்கள்.

வாடகை என்று சொன்னேன் இல்லையா, அங்கே கொஞ்சம் நிற்கலாம். ஏனென்றால் மலேசியாவில் இனத்தைப் பற்றி மிகத் தெளிவாக, மிகக் குறைந்த சொற்களில் வடிவமைக்கப்பட்ட பொது அறிவிப்பு அங்கேதான் இருக்கிறது. 'சைனீஸ் ஒன்லி.' இரண்டே சொல். 'நோ இந்தியன்.' அதுவும் இரண்டே சொல். யாருக்குச் சொல்கிறது, என்ன செய்யச் சொல்கிறது, எங்கே நிற்கச் சொல்கிறது என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான ஆளின் கண்ணில் படுகிறது. வடிவமைப்பு என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நூறு. ஒற்றுமைச் சுவரொட்டி தோற்றுப்போகும் எதிரி இதுதான்.

வேலை கிடைத்துக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த புதிதில் அறை தேடினேன். வாட்சப்பில் முதல் கேள்வி, என்ன வேலை? பொறியாளர் என்றதும் குரல் இனிக்கும். இரண்டாவது கேள்வி, பெயர்? பெயரைச் சொன்னதும் இரண்டு நீல டிக். பிறகு மௌனம். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள்: "சாரி யா, ஓனர் ப்ரிஃபர் சைனீஸ்." ஒருவர் மட்டும் பேரம் பேசினார்: "இந்தியனா? சமைக்கலன்னா ஓகே லா." என் சாம்பாருக்கும் அவருடைய சுவருக்கும் என்ன பகை என்று இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்காவது இதே கதை இருக்கும். என்னுடையது தனி சோகம் இல்லை என்பதால்தான் சொல்கிறேன்.

சட்டம்? கூட்டரசு அரசியலமைப்பின் 8வது பிரிவு, மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது. அதிலும் அரசியலமைப்பே அனுமதிக்கும் விலக்குகள் உண்டு. அது கட்டுவது சட்டத்தையும் அரசையும். வீட்டுக்காரர் தனியார். அவர் இனம் பார்த்துச் சாவியைக் கொடுப்பதைத் தடுக்க, இதை எழுதும் நாள்வரை இங்கே தனிச் சட்டம் இல்லை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான அனைத்துலக ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. டிசம்பர் 8ஆம் தேதி கோலாலம்பூரில் அதற்கு நன்றி சொல்லி ஒரு பேரணியே நடந்தது. கையெழுத்திடாததற்கு நன்றி! உலகத்தில் வேறு எங்காவது இப்படி ஒன்று நடந்திருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் தேசிய மாதத்துக்குக் கண்காட்சி வைக்கக் குழு அமைத்தார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து வந்த கட்டளை ஒரே வரி: இனங்களைப் பற்றி இருக்கவேண்டும், கண்ணைக் கவரவேண்டும், செல்ஃபி எடுக்கத் தோன்றவேண்டும். வரைபட மென்பொருள் தெரியும் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

நான் ஒரு கதவு வரைந்தேன். நிஜக் கதவின் அளவு, ஏழு அடி. நம் அடுக்குமாடிகளில் இருக்கும் சாதாரண மரக்கதவு, முன்னால் இரும்பு கிரில், கிரில்லில் பூட்டு. கண் உயரத்தில், வீட்டு எண் இருக்கவேண்டிய இடத்தில், வாடகை விளம்பரங்களில் வரும் அந்த இரண்டு சொற்கள். எந்த இனத்தை மறுக்கிறது என்ற இடம் மட்டும் ஒரு சுழலும் வளையம். பார்ப்பவர் கையால் திருப்பலாம். மலாய், சீனர், இந்தியர், ஆப்பிரிக்கர், வங்காளதேசி. எதில் நிறுத்தினாலும் கதவு பூட்டியே இருக்கும். கீழே, கால்மிதி இருக்கும் இடத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சீனத்திலும் ஒரே வாக்கியம்: 'மேலே இருப்பதை விளம்பரத்தில் எழுதுவதைத் தடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை.' திட்டு இல்லை, அழுகை இல்லை, கோஷம் இல்லை. கம்பெனியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"ஐடியா சூப்பர்," என்றார்கள். "பட் சென்சிட்டிவ் லா."

இந்தச் சொல்லைப் பற்றி ஒரு பொறியாளனின் புகார். எங்கள் உலகத்தில் சென்சிட்டிவ் என்பது பாராட்டு. சின்ன மாற்றத்தைக்கூடக் கண்டுபிடித்துச் சொல்லும் உணரி நல்ல உணரி, அதற்கு விலையும் அதிகம். மலேசியாவில் அந்தச் சொல்லுக்கு நேர் எதிரான பொருள். உணரியின் வயரைப் பிடுங்கிவிடு, எச்சரிக்கை மணி அடிக்காது, எல்லாம் அமைதி. தொழிற்சாலையில் இதைச் செய்தால் வேலை போய்விடும்.

கதவை அவர்கள் தூக்கிப்போடவில்லை. அதுதான் வேடிக்கை. அச்சாகி வந்த கதவு நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டார்கள். வாசகங்களை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் கெத்துப்பாட், ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, கீழே கால்மிதி இருந்த இடத்தில் கோலம். மேலே 'ஒற்றுமையின் வாசல்'. பூட்டை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் எடுத்த அந்தப் படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். என்னுடைய வடிவமைப்பைவிட அவை நன்றாகப் பேசுகின்றன.

இனத்தை உடையாகச் சுருக்கினால் அது எங்கே போய் முடியும் என்று பார்க்க விரும்பினால் பாலம் தாண்டிப் போகவேண்டும். 2019 ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு மின்னணுக் கட்டண விளம்பரம் வந்தது. இந்த வசதி எல்லாருக்கும் உரியது என்று சொல்ல நான்கு பாத்திரங்கள். நான்கையும் ஒரே சீன நடிகர் ஏற்றிருந்தார். தூடோங் அணிந்து மலாய்ப் பெண். தோலைக் கருமையாக்கி இந்திய ஆண், கழுத்தில் தொங்கிய அட்டையில் கே. முத்துசாமி என்று பெயர். கண்டனம் வந்தது, மன்னிப்பும் வந்தது. ரசனை இல்லாதது, ஆனால் சட்டமீறல் இல்லை என்று அது முடிந்தது. அதற்கு எதிராகக் கெட்ட வார்த்தையோடு ஒரு ராப் காணொளி போட்ட இந்தியச் சகோதர சகோதரிக்குத்தான் போலீசின் நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது.

அந்த விளம்பரத்தை எல்லாரும் ஒரு தவறு என்றார்கள். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை, நேர்மையான கணக்காகத் தெரிந்தது. ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாள் என்று பிள்ளைகளுக்கு ஒருவர் உடையை இன்னொருவர் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறோம். 1964 கலவரத்தின் நினைவுநாள் அது. கலவரத்தில் யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்பது பின்னால் போய், சேலையும் குர்தாவும் முன்னால் வந்துவிட்டன. இனம் என்றால் உடைதான் என்று சொல்லிக்கொடுத்த பிறகு, ஒரே ஆள் நான்கு உடை மாட்டினால் நான்கு இனம் ஆகிவிடும் என்று விளம்பரக் கம்பெனி நினைத்ததில் என்ன வியப்பு? மூன்று மாடல்களுக்குக் கொடுக்கும் சம்பளம் மிச்சம். நம் ஊர் சுவரொட்டியின் அடுத்த பதிப்பு அது, அவ்வளவே.

யாஸ்மின் அஹ்மாட்டைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பெட்ரோனாசுக்காக அவர் எடுத்த பண்டிகை விளம்பரங்களைப் பார்த்து அழாதவன் மலேசியனா என்று. நானும் அழுதிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் யாஸ்மின் இனத்தைக் காட்டவில்லை. ஒரு குறிப்பிட்ட பையனை, அவன் வெட்கத்தை, அவன் சொல்லத் தயங்கிய ஒரு வார்த்தையைக் காட்டினார். 2009இல் அவர் போன பிறகு வந்தவர்கள் அந்தப் பையனை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பாட்டி, ஒரு முறுக்கு, பக்கத்து வீட்டு மலாய்ப் பையன், மெல்லிய வீணை. மூன்று நிமிடத்தில் அழுது முடித்து, அந்த வேகத்திலேயே வாடகை விளம்பரத்துக்குத் திரும்பலாம்.

அப்படியானால் இனத்தைப் பற்றிய பொதுக்காட்சி எப்படி இருக்கவேண்டும்? என் மேசைக்கு மேலே ஒரு பழைய புகைப்படத்தை ஒட்டியிருக்கிறேன். அது அமெரிக்காவில், 1930களில் எடுத்தது. நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் 69ஆம் எண் கட்டடம். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் அலுவலகம் அங்கே இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கொடி, அதில் வெள்ளை எழுத்து. ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள். தமிழில் சொன்னால்: 'நேற்று ஒரு மனிதனைக் கும்பல் கொன்றது.'

தென் மாநிலங்களில் எங்காவது ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்து, தூக்கிலிட்டுக் கொன்ற செய்தி வந்தால் அந்தக் கொடி வெளியே வரும். எழுத்தில் அழகு எதுவும் இல்லை. படம் இல்லை. ஆனால் 'நேற்று' என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். கொடுமை ஒரு காலத்தில் இருந்தது என்று சொல்லவில்லை, கொடுமைகள் நடக்கின்றன என்று பொதுவாகச் சொல்லவில்லை. நேற்று. நீ காப்பி குடித்துக்கொண்டிருந்த நேற்று. தெருவில் போகிறவன் தன் நேற்றைத் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். 'கறுப்பினத்தவர்' என்ற சொல்கூட அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். 'ஒரு மனிதன்.' இனத்தைப் பற்றி நான் பார்த்ததிலேயே கூர்மையான காட்சியில் இனத்தின் பெயரே கிடையாது.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் இயந்திரங்களின் தலையில் டவர் லைட் இருக்கும். கோளாறு வந்தால் சிவப்பு எரியும், சரியானால் அணையும். எப்போதும் எரியும் சிவப்பு விளக்கை யாரும் மதிக்கமாட்டார்கள். அந்தக் கொடி ஒரு டவர் லைட். நம்முடைய மூன்று பேர், எப்போதும் எரியும் பச்சை விளக்கு. இயந்திரம் புகைந்தாலும் பச்சை.

கொடி எப்படி நின்றது தெரியுமா? 1938இல், இதைத் தொங்கவிட்டால் குத்தகை போய்விடும் என்ற மிரட்டல் வந்தது. நிறுத்தினார்கள். அங்கேயும் கடைசியில் வீட்டுக்காரர்தான்.

2020 ஜூன் 2ஆம் தேதி நம்மில் எத்தனை பேர் இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டோம்? ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு ஒரு வாரம். என் பல்கலைக்கழக நண்பர்கள் வட்டமே கறுப்பானது. அதே கறுப்பு, ஆனால் எழுத்து இல்லை. நியூயார்க் கொடியிலிருந்து ஐந்து சொற்களையும் துடைத்து எடுத்தால் கிடைப்பது அந்தச் சதுரம். நல்ல மனதோடுதான் போட்டார்கள், சந்தேகமில்லை. மின்னியாபொலிசுக்காகக் கறுப்புப் போட்ட கைகளில், நம் ஊர் லாக்கப்பில் 2009இல் இறந்த குகனின் பெயரை எழுத எத்தனை கை துணிந்தது என்றுதான் கேட்கிறேன். வெளிநாட்டு அநீதிக்குப் பதாகை பிடிப்பது நமக்கு எப்போதும் சுலபம், அதில் யாரும் 'சென்சிட்டிவ்' என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொரு உதாரணம், இது என் தேர்வையே கொஞ்சம் திணறடிக்கிறது. 1968 பிப்ரவரி 1, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம். மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரம் தானாக இயங்கியதில் நசுங்கிச் செத்தார்கள். பழுதான இயந்திரம், மாற்றப்படாத லாரி. எங்கள் மொழியில் சொன்னால் தடுத்திருக்கக்கூடிய விபத்து. சில நாளில் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆளுக்கொரு அட்டை. அதில் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, சம்பளத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. 'ஐ ஏம் எ மேன்.' 'ஏம்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு.

தமிழில் அந்த 'ஏம்' கிடையாது. 'நான் மனிதன்' என்றால் போதும். அந்த அடிக்கோட்டைக் கொண்டுவர வேண்டுமானால் 'நான் மனிதன்தான்' என்று எழுதவேண்டும். மறுத்தவனுக்குச் சொல்லும் 'தான்'. இந்த அட்டையில் தகவல் இல்லை, தேதி இல்லை. ஆனாலும் வேலை செய்தது. ஏனென்றால் அட்டையைப் பிடித்திருந்தது மாடல் இல்லை. நேற்றுவரை அந்த நகரத்தின் குப்பையை அள்ளிய அதே ஆள். வாக்கியம் மேலே, சாட்சி கீழே. நம் சுவரொட்டிப் பெண்ணின் மல்லிகைக்குக் கீழே என்ன சாட்சி இருக்கிறது?

எங்கள் ஆட்கள் இதைச் செய்யவே இல்லையா என்று கேட்பீர்கள். 2007 நவம்பர் 25, ஹிண்ட்ராஃப். எனக்கு அப்போது பத்து வயது, தொலைக்காட்சியில் பார்த்தேன். கோலாலம்பூர்ச் சாலை முழுக்கத் தமிழர்கள், கைகளில் காந்தி படம். கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் காந்தி மேலேயே விழுந்தன. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவரின் கணக்கு எனக்குப் புரிகிறது. 'நாங்கள் அடிக்க வரவில்லை' என்று போலீசுக்குச் சொல்லும் பாதுகாப்புப் பலகை அது. ஆனால் தெருவோரம் நின்று பார்த்த மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இவர்கள் யார் என்று தெரிந்ததே தவிர, இவர்களுக்கு என்ன நடந்தது என்று அந்தப் படம் சொல்லவில்லை. தோட்டத்தை விற்றதும் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், முந்தைய மாதம்தான் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் உடைக்கப்பட்ட கோயில், இதெல்லாம் அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்தன. மனு யாருக்கு? பிரிட்டிஷ் மகாராணிக்கு. சாலையில் நின்றவனுக்கு இல்லை. அந்தப் பேரணியின் துணிச்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக்கு இல்லை என்பது தெரியும். ஆனாலும் அந்தக் கைகளில் இருந்தது காந்திக்குப் பதிலாக, 'என் அப்பா இந்தத் தோட்டத்தில் இத்தனை வருடம் மரம் வெட்டினார், வீட்டைக் காலி செய்ய இத்தனை நாள் கொடுத்தார்கள்' என்று தோட்டத்தின் பெயரோடு எழுதிய அட்டையாக இருந்திருந்தால்? அடுத்த நாள் பத்திரிகையில் ஒவ்வொரு படமும் ஒரு வாக்குமூலமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாம் எங்கே போனோம்? 2010இல் பிரிக்ஃபீல்ட்ஸைப் பிரதமர்கள் இருவர் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தார்கள். வளைவு, வண்ணம், யானை நீரூற்று. கண்ணைக் கவர்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தெருக்களை உண்டாக்கிய இரயில்வேத் தொழிலாளியைத் தேடுபவனுக்கு யானைதான் பதில். நம் பண்டிகைப் பதாகைகளையும் பாருங்கள். பத்துமலைக்குப் போகும் வழியெல்லாம் அரசியல்வாதிகளின் முகம், முருகனைவிடப் பெரிதாக. நம் சமூகத்து வீட்டுக்காரர்களும் வாடகைக்கு விடும்போது 'வெஜிடேரியன் ப்ரிஃபர்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று தமிழ் வாசகனுக்கு விளக்கவேண்டியதில்லை. வங்காளதேசத் தொழிலாளிக்கு நம்மில் எத்தனை பேர் வீடு கொடுக்கிறோம்? என் கதவில் அந்தச் சுழல் வளையத்தை வைத்தது இதற்காகத்தான். திருப்பும்போது ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கைவிரலையே பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

குறிப்பாகச் சொன்னால் அழித்துவிடுவார்களே என்று பயப்படுபவர்களுக்கு: ஆமாம், அழிப்பார்கள். 2013இல் ஜொகூர் பாருவில் எர்னஸ்ட் ஜகாரெவிச் ஒரு சுவரில் லெகோ பொம்மைகளை வரைந்தார். கைப்பையோடு வரும் பெண், மூலைக்குப் பின்னால் கத்தியோடு நிற்கும் திருடன். இனத்தைப் பற்றியதுகூட இல்லை, நகரத்தில் வழிப்பறி இருக்கிறது என்று மட்டும் சொன்னது. மாநகராட்சி வெள்ளை அடித்தது. அதே ஓவியர் பினாங்கில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று தொடுகிறார்கள். அழிக்கப்பட்டது எது, தொடப்படுவது எது என்று பார்த்தால் நம் ஊராட்சிகளுக்கு வடிவமைப்பு நன்றாகவே புரிகிறது என்று தெரியும். அழித்த பிறகு அந்த லெகோ படம் கைப்பேசிகளில் ஓடிய ஓட்டம் தனிக் கதை.

சமூகநீதி என்று தலைப்பிட்டு நீங்கள் போடும் கூட்டங்களின் அறிவிப்புகளையும் நான் சேமித்து வைத்திருக்கிறேன். உயர்த்திய முஷ்டி, உடைந்த சங்கிலி, சிவப்பும் கறுப்பும் கலந்த பின்னணி, அழகான எழுத்துரு. எந்த ஊரில், எந்தத் தேதியில், யாருக்கு, என்ன நடந்தது என்று அந்தப் படங்களில் ஒன்றில்கூட இல்லை. அந்த மூன்று பேர் சிரிக்கிறார்கள், உங்கள் முஷ்டி முறைக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில்தான் மௌனம் சாதிக்கின்றன.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பழைய ஐஎஸ்ஓ 3864 தரத்தில் ஒரு சூத்திரம் உண்டு: பார்க்கும் தூரத்தின் வர்க்கத்தை 2000ஆல் வகுத்தால் வருவதைவிடப் பலகையின் பரப்பளவு குறையக்கூடாது. இருபது மீட்டர் தூரத்துக்கு 0.2 சதுரமீட்டர். அடுக்குமாடியின் லிஃப்ட் வாசலில் நின்றால் எதிர்ச்சுவர் நான்கு மீட்டர்கூட இருக்காது. அதற்கு 80 சதுரசென்டிமீட்டர், ஒரு போஸ்ட்கார்டில் பாதிதான். எழுத்துக்குக் கணக்கு வேறு, இரண்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் தாராளம். ஓர் ஏ4 தாள், கறுப்பு மை, ஒரு வாக்கியம். லிஃப்டுக்குக் காத்திருப்பவன் எப்படியும் எதையாவது படிப்பான். 'இந்தக் கட்டடத்தில் போன வாரம் ஓர் அறை காலியானது. பெயரைக் கேட்டதும் இல்லை என்றார்கள்.' தேதி கீழே. ஒட்டுவதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவை விடப் பசை நல்லது, சுரண்டி எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.